கதிர்காமம் நடந்த கால்களும் எவரெஸ்ட் அடிவாரமும்

கல்லடிப் பழைய பாலத்துக்குக் காலையில் நடக்க வரும் பெரியவர் ஒருவரிடம், எங்கள் பக்கத்துப் பெடியன்கள் நாலைந்து பேர் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகத் திட்டம் போடுகிறார்கள் என்று சொன்னேன். அவர் நடையை நிறுத்தவே இல்லை. "உகந்தையிலிருந்து காட்டு வழியா கதிர்காமத்துக்கு ஏழு தரம் நடந்தவன் மனே நான். அவனுகள் உச்சிக்கா போறானுகள்? அடிவாரத்துக்குத்தானே" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. லுக்லா என்ற மலையூரிலிருந்து அடிவார முகாம் வரை ஏறத்தாழ 65 கிலோமீற்றர். எட்டு நாளில் ஏறி, மூன்று நாலு நாளில் இறங்குகிறார்கள். ஏறும்போது ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றரை ஒட்டித்தான் நடை. கயிறும் பனிக்கோடரியும் தேவையில்லை. யாக் மாடும் கழுதையும் மூட்டை சுமந்து போகிற பாதைதான் அது. குமுக்கன் ஆற்றைக் கடந்து, வியாழைக் காட்டில் தண்ணீரை எண்ணி எண்ணிக் குடித்து, அரிசியும் பருப்பும் தலையில் சுமந்து போன கால்களுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

பிழை "அடிவாரம்" என்ற சொல்லில் இருக்கிறது. நமக்கு மலையடிவாரம் என்றால் சமநிலம். உகந்தைமலை அடிவாரத்தில் நின்றால் கடல் இரையும். குடும்பிமலை அடிவாரத்தில் மாடு மேயும். எவரெஸ்டின் நேபாளப் பக்க அடிவார முகாமோ கடல்மட்டத்திலிருந்து 5364 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த இடமான பீதுருதாலகால 2524 மீற்றர். அப்படி இரண்டு மலையை ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கி வைத்தாலும் முகாமைத் தொட இன்னும் 316 மீற்றர் வேண்டும். விமானத்தால் இறங்கி நடக்கத் தொடங்கும் லுக்லாவே 2860 மீற்றர். முதல் இரவு தங்கும் பாக்டிங் அதற்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிறது. அதுவும் 2610 மீற்றர். அதாவது நம்முடைய நாடு எங்கே முடிகிறதோ, அதற்கும் மேலேதான் இந்த நடை தொடங்குகிறது.

இதில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேல்தான் தலைகாட்டும். நம் தீவின் உச்சி அந்தக் கோட்டில் போய் நிற்கிறது. ஆகவே தன் உடம்பு உயரத்தை எப்படித் தாங்கும் என்பதை இலங்கைக்குள் இருந்துகொண்டு ஒருவராலும் சோதித்துப் பார்க்க முடியாது. சிவனொளிபாதமலை 2243 மீற்றர், நுவரெலியா 1868 மீற்றர். அங்கே மூச்சு வாங்கியது படியால், குளிரால். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மட்டக்களப்பிலிருந்து போகிறவருக்கு உண்மையில் குறைவாக இருப்பது கால்பலம் இல்லை, நாட்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

நெல்மூட்டை அடுக்கும் காற்றின் எடையும்

"மேலே ஒட்சிசன் குறைவு" என்று எல்லோரும் சொல்கிறோம். சொல்லும் விதத்தில் ஒரு சிறு பிழை உண்டு. காற்றில் ஒட்சிசனின் பங்கு மட்டக்களப்பு வாவிக் கரையிலும் ஏறத்தாழ 21 சதவீதம், எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21 சதவீதம். மாறுவது அமுக்கம்.

அறுவடை முடிந்து களஞ்சியத்தில் நெல்மூட்டை அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடிமூட்டை மேலே உள்ளவற்றின் பாரத்தில் நசுங்கி இறுகிக் கிடக்கும். மேல்மூட்டை உப்பிப்போய் இருக்கும். காற்றும் அப்படித்தான். நாம் அடிமூட்டைக்காரர். நம் மேல் முழு வளிமண்டலமும் ஏறி உட்கார்ந்திருப்பதால் நம்மைச் சுற்றியுள்ள காற்று இறுகியிருக்கிறது. ஒரு மூச்சில் உள்ளே போகும் ஒட்சிசன் அதிகம். மேலே போகப் போகக் காற்று தளர்கிறது. 1648இலேயே பிரான்சில் விஞ்ஞானி பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பாதரசக் குழாய் ஒன்றைப் புய் த டோம் என்ற மலைமேல் கொண்டுபோய்ப் பாதரசம் இறங்குவதைக் கண்டு இதை நிறுவிவிட்டார்.

கணக்காகச் சொன்னால், நுவரெலியாவில் காற்றமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்கு. லுக்லாவுக்கு மேலே ஷெர்பாக்களின் சந்தையூரான நாம்சே பஜாரில், 3440 மீற்றரில், மூன்றில் இரண்டு பங்கு. அடிவார முகாமில் பாதியை ஒட்டி. உச்சியில் மூன்றில் ஒன்று. அடிவார முகாமில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் கல்லடியில் இழுக்கும் மூச்சில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அமுக்கம் குறைந்தால் தண்ணீரும் சீக்கிரமே கொதித்துவிடும். அந்த உயரத்தில் 83 பாகை செல்சியசை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. கொதிக்கிறதே என்று நம்பி அரிசியைப் போட்டால் வேகாது. அதனால்தான் அங்குள்ள தங்கும் விடுதிகளில் பிரஷர் குக்கர் சத்தம் ஓயாது. நம் பிட்டுப் பானையை அங்கே அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஆவியே சூடு குறைந்துதான் வரும், நெடுநேரம் அவிக்க வேண்டியிருக்கும். நல்லவேளையாகச் சோறும் பருப்பும் கறியும் சேர்ந்த தால் பாத்துதான் அங்கே அன்றாடச் சாப்பாடு. மலையில் தங்குமிடங்கள் பலவற்றில் அதைக் கேட்டு மறுபடி வாங்கிச் சாப்பிடலாம். நம்மவர் வயிறு அதில் குறை சொல்லாது.

பலூனில் போன இருவர், நடந்து போன இருவர்

உயரம் கொல்கிறதா, வேகம் கொல்கிறதா? வரலாற்றில் இதற்கு இரண்டு சம்பவங்கள் அருகருகே வைத்துப் பார்க்கக் கிடைக்கின்றன.

1875 ஏப்ரல் 15ஆம் திகதி பாரிசிலிருந்து செனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் மேலே போனார்கள். கையில் ஒட்சிசன் பைகளும் இருந்தன. ஆனால் 8000 மீற்றரை நெருங்கும்போது கை தூக்க முடியவில்லை. குழாய் எட்டும் தூரத்தில் இருந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. மயங்கிப்போனார்கள். பலூன் தானாகக் கீழே வந்தபோது குரோசே ஸ்பினெல்லியும் சிவெலும் இறந்திருந்தார்கள். உயிர் தப்பிய திசாந்தியே பிறகு செவிடானார். அவர்கள் கடல்மட்ட உடம்போடு சில மணி நேரத்தில் அந்த உயரத்துக்குப் போனவர்கள். குறைந்த அமுக்கத்தில் ஒட்சிசன் போதாமல் போவதே காரணம் என்பதை ஆய்வுகூடத்தில் காட்டிய போல் பேர்ட், 1878இல் தன் பெரிய நூலை வெளியிட்டார்.

அதற்கு நூறு வருசம் கழித்து, 1978 மே 8ஆம் திகதி, ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீற்றர் ஹேபலரும் எவரெஸ்ட் உச்சியில் ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல் நின்றார்கள். செனித் பலூன் போனதைவிட உயரம். அவர்களும் நம்மைப் போல் ஒரு இதயம், இரண்டு நுரையீரல் உள்ள மனிதர்கள்தான். அவர்கள் கையில் வாரக்கணக்கில் நாட்கள் இருந்தன.

சரி, அந்த நாட்களில் உடம்பு என்ன செய்கிறது?

கழுத்து நாடி கிளைபிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஓர் உணரி இருக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்த சில நிமிடங்களிலேயே அது மூளைக்குச் சொல்லிவிடும். மூச்சு வேகமாகும், ஆழமாகும். இது நல்லதுதான். ஆனால் வேகமாக மூச்சுவிட்டால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறும். இரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அதைக் கண்டு மூளை "போதும், மெல்ல மூச்சுவிடு" என்று பிரேக் போடும். ஒரு பக்கம் மிதிக்கும் கால், மறுபக்கம் பிரேக். முதல் இரவுகளில் தூக்கம் குழம்புவது இதனால்தான். மூச்சு வேகமாகி, பிறகு அடங்கி, சில வினாடி நின்றே போய், திடுக்கிட்டு மறுபடி தொடங்கும். பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர் பயந்து எழுப்பிவிடுவார். பெரும்பாலும் அது ஆபத்தில்லாத விசயம்.

பிரேக்கை விடுவிப்பது சிறுநீரகம். அது காரத்தை, அதாவது பைகாபனேற்றை, சிறுநீரில் கழித்துவிடத் தொடங்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும், சிலருக்கு நாலு. மலையில் அடிக்கடி சிறுநீர் போனால் உடம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். இரவில் மைனஸ் குளிரில் எழுந்து போவது கொடுமை என்பது வேறு கதை. டயமொக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அசற்றசோலமைட் குளிசையும் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. சிறுநீரகத்தின் அதே வேலையை அது முடுக்கிவிடுகிறது. வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. விரல்நுனி எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

"மேலே போனால் இரத்தம் ஊறும்" என்று ஒரு பேச்சும் உண்டு. செங்குழியங்கள் கூடுவது உண்மை. ஆனால் அதற்கு வாரக்கணக்கில் எடுக்கும். எட்டு நாளில் ஏறுபவரைக் காப்பது பெரும்பாலும் மூச்சும் சிறுநீரகமுமே. முதல் சில நாளில் இரத்தப் பரிசோதனை செய்தால் ஈமோகுளோபின் கூடியதாகத்தான் காட்டும். இரத்தத்திலிருந்து நீர் குறைந்து அது தடித்ததன் கணக்கு அது.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஒக்ஸிமீற்றர் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடப் பழகியவர்கள் நாம். அடிவார முகாம் உயரத்தில் நலமாக இருப்பவருக்கே அந்த இலக்கம் 80ஐ ஒட்டி நிற்கும். அதைப் பார்த்துப் பதறுவதில் பயனில்லை. 85 காட்டுகிறது என்று தலையிடியோடு மேலே ஏறுவது அதைவிடப் பெரிய பிழை. அங்கே இலக்கத்தைவிட உடம்பு சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

நம் கடலிலும் இதே பாடம்

மலையே இல்லாத ஊர்க்காரருக்கு இதை விளக்க என்னிடம் ஓர் உள்ளூர் உதாரணம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் ஐம்பது மீற்றருக்கும் சற்று ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து சுழியோடிகள் வருகிறார்கள். அந்த ஆழத்தில் அமுக்கம் தரையில் உள்ளதைப்போல் ஆறு மடங்கு. இறங்குவதைவிட ஏறுவதில்தான் அவர்களுக்குக் கவனம். மேலே வரும் வழியில் இன்ன ஆழத்தில் இத்தனை நிமிடம் என்று நின்று நின்று வருவார்கள். நிற்காமல் வந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசன், திறந்த சோடாப் போத்தலைப் போலக் குமிழி விட்டுவிடும்.

இரண்டும் ஒரே நோய் இல்லை. அங்கே நைதரசன் மிஞ்சுவது சிக்கல், மலையில் ஒட்சிசன் போதாமை. ஆனால் இரண்டிலும் அமுக்கம் உள்ள இடத்திலிருந்து அமுக்கம் குறைந்த இடத்துக்கு உடம்பு ஏறுகிறது, இரண்டிலும் நிறுத்தங்கள் வேண்டும். சுழியோடியின் நிறுத்தம் நிமிடக் கணக்கு. மலையில் இரவுக் கணக்கு. சுழியோடி ஒருவரிடம் போய் "நிறுத்தம் இரண்டைக் குறைத்தால் காசு மிச்சம்" என்று யாரும் சொல்வதில்லை. மலைநடையில் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

இரவுக் கணக்கு

உயர்மலை மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட விதி எளிது. 3000 மீற்றருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, படுக்கும் இடம்தான் கணக்கு. தூக்கத்தில் மூச்சு மெலிவதால் ஒட்சிசன் ஆகக் குறைவது இரவில்தான்.

வழக்கமான பயணத்தை இந்த விதியோடு வைத்துப் பாருங்கள். முதல் இரவு பாக்டிங்கில் 2610. இரண்டாம் நாள் துத்கோசி ஆற்றின் மேல் தொங்குபாலங்களைக் கடந்து நாம்சேக்கு ஏறினால் 3440. ஒரே நாளில் 830 மீற்றர் தாவல். அதனால்தான் அங்கே இரண்டு இரவு. பிறகு புத்த மடாலயம் உள்ள தெங்போசே, 3860. அடுத்தது டிங்போசே, 4410, அங்கேயும் இரண்டு இரவு. அப்புறம் லொபூசே, 4940. கடைசியாக கோரக் ஷெப், 5164. அங்கிருந்து பகலில் போய் அடிவார முகாமைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள், முகாமில் தூங்குவதில்லை. கவனித்தீர்களா? இந்த "நிதானமான" திட்டமே நாம்சேக்கு மேலே இரண்டு இடத்தில் விதியை மீறுகிறது. நாம்சேயிலோ டிங்போசேயிலோ ஓர் இரவைக் குறைத்துவிட்டு "பத்தே நாளில் அடிவார முகாம் போய்வரலாம்" என்று யாராவது விளம்பரம் போட்டால், அவர் குறைத்தது உங்கள் சிறுநீரகத்துக்குத் தேவையான ஒரு நாளை.

ஓய்வு நாள் என்றால் போர்வைக்குள் சுருண்டு கிடப்பது இல்லை. நாம்சேயில் காலையில் இன்னும் 300, 400 மீற்றர் மேலே ஏறி, மலையைப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, மத்தியானம் இறங்கி வந்து பழைய கட்டிலிலேயே படுப்பார்கள். உடம்புக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு ருசி காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வருவது போல.

லுக்லாவுக்குப் பறப்பதே ஓர் அவசரம் என்று எனக்குப் படுகிறது. 1400 மீற்றரில் இருக்கும் காத்மண்டுவிலிருந்து அரை மணி நேரப் பறப்பில் 2860க்குப் போய்விடுகிறோம். எட்மண்ட் ஹிலரி முன்னின்று 1964இல் அமைத்த அந்த ஓடுபாதை வெறும் 527 மீற்றர் நீளம், ஒரு முனை மலைச்சுவர், மறுமுனை பள்ளம், நடுவே நல்ல சரிவு. காலநிலை கொஞ்சம் மக்கரித்தாலும் விமானம் கிடையாது. முன்பெல்லாம் ஜிரி என்ற ஊரிலிருந்து ஒரு வாரம் கூடுதலாக நடந்து போவார்கள். இப்போது ஜீப் பாதைகள் இன்னும் உள்ளே நீண்டுவிட்டன, நடை குறைந்துவிட்டது. பீற்றர் ஹாக்கெட்டும் நண்பர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, டிங்போசேக்குப் பக்கத்தில் உள்ள பெரிச்சே என்ற இடத்தைக் கடந்த 278 நடையர்களை எடுத்துப் பார்த்தது. 53 சதவீதம் பேருக்கு உயரநோய் கண்டிருந்தது. லுக்லாவுக்குப் பறந்து வந்தவர்களில் அது அதிகம், கீழிருந்து நடந்தே வந்தவர்களில் குறைவு. லீவு கூடக் கிடைப்பவர்கள், குறிப்பாக ஓய்வு பெற்றவர்கள், தரைவழியாகப் போய் நடப்பதையே நான் சொல்வேன். பாலத்துப் பெரியவருக்கும் அதுதான் பொருந்தும். நம் பாத யாத்திரைக்காரர் வாரக்கணக்கில் நடக்கத் தெரிந்தவர்கள்.

தலையிடியை யாரிடம் சொல்வது

நோயின் தொடக்கம் சாதாரணமாக இருக்கும். தலையிடி, பசியின்மை, குமட்டல், சத்தி, களைப்பு, தலைச்சுற்று. முந்தின இரவு குடித்தவர் காலையில் எழும்பிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வந்தால் அன்றைக்கு மேலே ஏறக்கூடாது, அவ்வளவுதான். ஒரு நாள் அங்கேயே இருந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாவிட்டால் இறங்க வேண்டும்.

ஆபத்தானவை இரண்டு. ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வரும். இதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து நெடுங்காலம் குழம்பியிருந்தார்கள். இதயநோயோ நியுமோனியாவோ இல்லாத ஒருவருக்கு உயரம் மட்டுமே இதைச் செய்யும் என்று 1960இல் எழுதி உலகுக்குக் காட்டியவர் அமெரிக்க வைத்தியர் சார்ல்ஸ் ஹூஸ்டன். பத்து வருசம் முன்னால், 1950இல், இந்த நடைபாதை போகும் கும்பு பள்ளத்தாக்கு வழியாக எவரெஸ்டைப் பார்க்கப் போன முதல் வெளிநாட்டுக் குழுவில் இருந்தவரும் அவரே. மற்றது மூளை வீங்குவது. நேர்கோட்டில் குதிக்கால் முன்விரலைத் தொடும்படி அடிவைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால், தேவையில்லாமல் எரிந்து விழுந்தால், அவரை அந்த நேரமே, இரவானாலும், ஆள் துணையோடு கீழே இறக்க வேண்டும். ஒட்சிசனும் டெக்ஸாமெதசோன் ஊசியும் நேரம் வாங்கித் தரும். நோயைத் தீர்ப்பது இறக்கம்தான். சில நூறு மீற்றர் இறங்கியதும் ஆள் மாறிவிடுவதைப் பார்த்தவர்கள் அதிசயப்படுவார்கள். பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிகிச்சை நிலையம் ஒன்று பருவகாலத்தில் இயங்குகிறது, 1973இல் தொடங்கிய அமைப்பு அது. வெளிநாட்டு வைத்தியர்கள் தொண்டாக வந்து வேலை செய்கிறார்கள்.

நல்ல உடற்கட்டு இதிலிருந்து காக்காது. உதைபந்தாட்டக்காரனுக்கும் வரும், மூட்டுவலிக்காரருக்கு வராமலும் போகும். இளம் ஆட்கள் வேகமாக ஏறிவிடுவதால் மாட்டிக்கொள்வதும் உண்டு. எனக்கு நம் பெடியன்களைப் பற்றிய கவலை இதில்தான். கூட்டமாகப் போனால் ஒருவனும் முதலில் வாய் திறக்க மாட்டான். "என்னடா, இதுக்கேவா?" என்ற ஒரு கேலிக்குப் பயந்து இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு நடப்பான். பனடோல் தலையிடியை மறைக்கும், எச்சரிக்கை மணியின் வயரைப் பிடுங்கி எறிந்த மாதிரி. புறப்படுமுன்னே கல்லடிக் கடற்கரையில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: காலையும் மாலையும் ஒவ்வொருவரும் தன் நிலையைச் சொல்ல வேண்டும், ஒருவன் இறங்கினால் இன்னொருவன் கூட இறங்க வேண்டும், அதைப் பிறகு ஊரில் யாரும் கதையாக்கக்கூடாது.

எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21. அவரோடு போன யொஹான் பீரிஸ் அந்த முறை 8400 மீற்றரில் திரும்பிவிட்டார். உச்சிக்கு இன்னும் நானூற்றுச் சொச்சம். 2018இல் மறுபடி போய் ஏறினார். 8400இல் திரும்பலாம் என்றால் 4410இல் திரும்புவதில் என்ன வெட்கம்?

சுமப்பவர்கள்

"ஷெர்பா" என்றால் சுமைதூக்குபவர் என்று நினைப்பது பரவலான பிழை. அது ஓர் இனத்தின் பெயர். சில நூறு வருசம் முன்பு திபெத்திலிருந்து வந்து கும்பு பக்கம் குடியேறியவர்கள். திபெத்தியரிடம் போலவே அவர்களிடமும் இபாஸ்1 என்ற மரபணுவின் தனி வடிவம் ஒன்று பரவலாக உண்டு. உயரத்தில் இரத்தம் அளவுக்கு மீறித் தடிக்காமல் அது பார்த்துக்கொள்கிறது. டெனிசோவர் என்ற மறைந்துபோன பழைய மனித இனத்திலிருந்து அது திபெத்தியருக்கு வந்தது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. எட்டு நாளில் நாம் கடன் வாங்கப் பார்ப்பதில் ஒரு பகுதியை அவர்கள் தலைமுறைகளாகச் சொத்தாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் பையைச் சுமக்கிறவர் பெரும்பாலும் ஷெர்பாவாக இருக்க மாட்டார். ராய், தமாங் போன்ற கீழ்மலை இனத்து இளைஞர்கள்தான் அதிகம். அவர்கள் ஊர் 1500, 2000 மீற்றரில் இருக்கும். உயரநோய் அவர்களுக்கும் நமக்கு வருவது போலவே வரும், அதோடு முதுகில் பாரமும். கட்டாரிலும் சவூதியிலும் நம் ஊர்ப் பெடியன்களோடு ஒரே அறையில் தங்கி வேலை செய்யும் நேபாளிகளின் தம்பிமார்தான் இவர்கள். கூலி பேசும்போது அவருக்கும் காப்புறுதி இருக்கிறதா, குளிர் உடுப்பு இருக்கிறதா, நோய் வந்தால் துணைக்கு ஆளோடு கீழே அனுப்புவார்களா என்று கேட்பது நம் வேலை. அவர் தலையிடியைச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று பயந்து சொல்லாமலும் இருப்பார்.

நாள், குளிர், காசு

நேபாளத்தில் மழைக்காலம் ஜூன் முதல் செப்ரெம்பர் வரை. அதன் இரு கரையிலும் உள்ள ஒக்ரோபர், நவம்பரும் மார்ச் முதல் மே வரையும்தான் நடைக்காலம். வயல் செய்கிறவர்களுக்கு ஒக்ரோபர் சரிவராது, பெரும்போக விதைப்பு. மார்ச் கடைசியில் அறுவடை முடிந்து கையில் காசும் இருக்கும், சித்திரை வருசப்பிறப்பு லீவும் ஒட்டிவரும். இன்னொரு இலாபம், உச்சிக்குப் போகும் குழுக்களின் கூடாரங்கள் ஏப்ரல், மே மாதத்தில்தான் முகாமில் நிறைந்திருக்கும். ஒக்ரோபரில் போனால் பெரும்பாலும் பனியாற்றின் மேல் கிடக்கும் கல்லும் கொடித்தோரணமும்தான். எந்த மாதம் போனாலும் முகாமில் நின்று எவரெஸ்ட் உச்சியைப் பார்க்க முடியாது, பக்கத்து மலைகள் மறைத்துவிடும். பார்க்க ஆசைப்பட்டால் கோரக் ஷெப்புக்கு மேலே உள்ள காலாபத்தர் மேட்டில் ஏற வேண்டும். அது முகாமைவிட உயரம்.

குளிருக்கு ஒரு கைக்கணக்கு: ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். மட்டக்களப்பில் 30 என்றால் அடிவார முகாமில் மைனஸ் ஐந்து, இரவில் இன்னும் கீழே. பயிற்சிக்குச் செங்கலடியில் பதுளை பஸ் ஏறி மலைநாட்டுக்குப் போய்வரலாம், சிவனொளிபாதமலைப் படிகளில் ஏறி இறங்கலாம். முழங்காலும் சப்பாத்தும் பழகும். உயரம் பழகாது.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு சார்க் நாட்டவர் என்ற வகையில் வருசத்தின் முதல் பயணத்துக்கு நேபாள விசா இலவசம், எவரெஸ்ட் அமைந்திருக்கும் சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணமும் மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. மிச்சப்படும் காசை 6000 மீற்றர் வரைக்கும் ஹெலிகொப்டர் மீட்பை ஏற்கும் காப்புறுதியில் போடுங்கள். மட்டக்களப்பில் புறப்பட்டுத் திரும்பிவர மொத்தம் பதினெட்டு நாளாவது ஒதுக்க வேண்டும். அதில் இரண்டு நாள் லுக்லாவில் விமானத்துக்குக் காத்திருக்க. அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள்தான் மேலே ஓர் இரவைக் குறைப்பவர்கள்.

இறங்கும்போது உடம்பு பறக்கும். ஏறும்போது பத்து அடிக்கு ஒருமுறை நின்ற ஏற்றத்தில் இறங்கிவந்து, நாம்சேயில் ஓட்டமாக ஓடலாம் போலிருக்கும். அந்தப் பலமும் தங்காது. ஊருக்கு வந்து சில வாரத்தில் சிறுநீரகமும் இரத்தமும் பழையபடி கடல்மட்டக் கணக்குக்குத் திரும்பிவிடும். அடுத்த வருசம் ஆசைப்பட்டு மறுபடி போனாலும் நாம்சேயில் மறுபடி இரண்டு இரவு.